எழுதும்போது எழுத்து மாறிப் போகிறது, கற்றல் குறைபாடாக இருக்குமோ? கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் 9-ம் வகுப்பு படிக்கிறேன். யாரிடம் கேட்பது?

வாயால் கேட்டால் பதில் வருகிறது, தாளில் எழுதினால் குழம்புகிறது, நேரமும் போதவில்லை என்கிறீர்கள். இப்போதே கேட்டது நல்லது. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகும் சமயத்தில், தேர்வுச் சலுகைக்கான கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு ஓடினால் பெரும்பாலும் கைக்கு எட்டாது.

முதலில் பழைய பரீட்சைத் தாள்களையும் ஒரு கட்டுரை நோட்டையும் எடுங்கள். 'படகு' 'பகடு' ஆனது, 'கொ'வில் கொம்பு இருந்து கால் விட்டுப்போனது, போர்டைப் பார்த்து எழுதும்போதே வரி தாவியது, எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். ன, ண மட்டும் மாறுவது எல்லாருக்கும் உள்ளதுதான். 'எனக்க புக்கு' என்று நம்மூர்ப் பேச்சு எழுத்தில் வருவதும் குறைபாடு இல்லை.

அம்மா அப்பாவோடு போய் அதை ஹெச்.எம்.மிடம் காட்டி, கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்க்கக் கேளுங்கள். "சோம்பேறித்தனம்" என்று தள்ளிவிட்டால் விடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 16-ம் பிரிவு, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவதைப் பள்ளியின் பொறுப்பில்தான் வைக்கிறது. உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கண், காது சோதனை முதலில். பார்வை மங்கினாலும் வரி தாவும். பிறகு ஐ.க்யூ. சோதனை, அதன்பின் வாசிப்பு, எழுத்து, கணக்குக்காக பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனை. ஒரே நாளில் முடியும் என்று எண்ணிப் போகாதீர்கள். எந்த மீடியத்தில் படிக்கிறீர்களோ அந்த மொழியிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். கேரள எல்லையோரத்தில் மலையாள மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். தனியார் உளவியலாளர் அறிக்கை துணைக்கு உதவும், ஆனால் அரசுச் சான்றிதழுக்கு ஈடாகாது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு (யூ.டி.ஐ.டி.) விண்ணப்பிக்கும்போது பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

சான்றிதழ் வந்ததும் ஹெச்.எம். வழியாகத் தேர்வுத்துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். முதல் இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். மொழிப்பாட விலக்கை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். கூடுதல் நேரத்தோடு ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எழுத ஆள் கிடைத்தாலும் பழக்கம் இல்லாவிட்டால் திணறுவீர்கள். வாரம் ஒரு கேள்விக்காவது வீட்டில் யாரையாவது உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள். "முற்றுப்புள்ளி", "அடுத்த பத்தி", "தலைப்புக்கு அடிக்கோடு" என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். கணக்கில் "இரண்டு எக்ஸ் ஸ்கொயர்" என்று மட்டும் சொன்னால் இரண்டுக்கும் சேர்த்து ஸ்கொயரா என்று எழுதுபவர் தடுமாறுவார். அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.