அம்மாவின் சிறுநீரகம் தம்பிக்கு எத்தனை ஆண்டு உழைக்கும்?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற நோயால் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, மூன்று மாதமாக டயாலிசிஸ் செய்துகொள்கிறான். 56 வயதாகும் அம்மா தன் சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். உறவினர்களோ, "எப்படியும் பத்து வருஷம்தான் வரும், அதற்காக அம்மாவையும் நோயாளி ஆக்கப்போகிறீர்களா?" என்கிறார்கள். என்ன செய்வது, டாக்டர்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பத்து வருஷம் என்பது பழைய கணக்கு. அமெரிக்காவில் 2014 முதல் 2017 வரை உயிருள்ளவர்களிடமிருந்து பெற்றுப் பொருத்தப்பட்ட சிறுநீரகங்களுக்கு இடைநிலை ஆயுள் சுமார் 19 ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது நூறு பேரில் ஐம்பது பேருக்கு 19 ஆண்டு கழித்தும் அது வேலை செய்துகொண்டிருக்கும். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெற்றதற்கு இது 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அம்மாவுக்கு 56 வயது என்பதால் இளைஞர் ஒருவரின் சிறுநீரகத்தைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனால் டயாலிசிஸில் இருக்கும் காலம் நீள நீள, பிறகு வைக்கும் சிறுநீரகத்தின் பலனும் குறைகிறது. அதனால் இளைய கொடையாளி கிடைக்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பிக்கு 29 வயதுதான். அம்மாவின் சிறுநீரகம் 20 ஆண்டு நன்றாக உழைத்தாலும், ஐம்பது வயதுக்குள் இரண்டாவது மாற்று சிகிச்சை தேவைப்படலாம். முதல் சிறுநீரகத்தை எவ்வளவு கவனமாகக் காக்கிறாரோ, இரண்டாவதற்குப் பொருத்தம் கிடைப்பதும் அவ்வளவு எளிதாகும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதல் ஆண்டைத் தாண்டுவது இன்று பெரிய சிக்கல் இல்லை. உயிருள்ளவர் கொடுத்த சிறுநீரகங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஓராண்டு முடிவில் நன்றாக இயங்குகின்றன. நாங்கள் பயப்படுவது மூன்றாவது, ஐந்தாவது ஆண்டுகளுக்குத்தான். உடம்பு தேறி, வேலைக்குப் போய், "எனக்கு ஒன்றுமில்லையே" என்று தோன்றும் காலம் அது. மாத்திரை தவறத் தொடங்குவதும் அப்போதுதான்.

தாய்க்கும் மகனுக்கும் திசுப் பொருத்தம் பாதிதான் இருக்கும். மறுபாதியை உடல் அந்நியமாகவே பார்க்கும். அதை அடக்கி வைப்பவை டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் என்ற மூன்று மருந்துகள். இவற்றில் டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில் போட வேண்டும். காலை 8 என்றால் இரவு 8. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ என்று ஒரு முறையை வைத்துக்கொண்டு, அதையே தினமும் பின்பற்ற வேண்டும். அடிக்கடி வேளை தவறினால் அம்மாவின் திசுவைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகள் ரத்தத்தில் உருவாகிவிடும். அவை சிறுநீரகத்தின் நுண் ரத்தக்குழாய்களை வலியே தெரியாமல் மெல்லக் கெடுக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும். உருவான ஆன்டிபாடியை முழுதாக அகற்ற நல்ல மருந்து இன்னும் இல்லை. இரண்டாவது மாற்று சிகிச்சைக்கு ஆள் தேடும்போது பொருத்தத்தைக் கெடுப்பதும் இதே ஆன்டிபாடிதான்.

டாக்ரோலிமஸ் அளவு குறைந்தால் உடல் புதிய சிறுநீரகத்தை ஏற்காமல் தாக்கும் நிராகரிப்பு, கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்துக்கு நஞ்சு. முதல் சில மாதங்களில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 8 முதல் 10 நானோகிராம், ஓராண்டுக்குப் பின் 5 முதல் 7 என்பது பொதுவாக வைக்கும் இலக்கு. ஆளுக்கு ஆள் இதை மாற்றுவோம். பரிசோதனையன்று காலை மாத்திரையைப் போடாமல் வந்து, ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். போட்டுவிட்டு வந்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஆபத்து.

அளவு எகிறுவதற்கும் சரிவதற்கும் அன்றாடக் காரணங்கள் உண்டு. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், ஃபுளூக்கனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி, டில்டியாசம் என்ற ரத்த அழுத்த மருந்து ஆகியவை அளவைக் கூட்டும். கடும் வயிற்றுப்போக்கும் கூட்டும். கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் பழங்கள் வேண்டாம். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் அளவைக் குறைக்கும். நம் ஊரில் மிக முக்கியமானது காசநோய். அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். மாலைக் காய்ச்சல், விடாத இருமல், எடை இழப்பு இருந்தால் உடனே பார்க்க வேண்டும். சிறுநீரக மருத்துவரிடம் கேட்காமல் காசநோய் மருந்தைத் தொடங்கவே கூடாது. விலை குறைவென்று மருந்துக்கடையில் வேறு கம்பெனி டாக்ரோலிமஸ் கொடுத்தால் சொல்லாமல் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு வாரத்தில் அளவைப் பார்க்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொடி, கஷாயம் எதுவும் கூடாது.

தம்பியின் சிறுநீரகத்தைக் கெடுத்த பழைய நோய் திரும்புமா என்ற கேள்வி உங்களுக்கு வந்தே தீரும். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசஃப் மரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான மாற்று சிகிச்சையில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கரு இரட்டையர். நிராகரிப்புக்கு இடமே இல்லை. அப்படியும் பெற்றவர் எட்டு ஆண்டுதான் வாழ்ந்தார். அவருடைய பழைய நோயே புதிய சிறுநீரகத்திலும் திரும்பியது. ஐ.ஜி.ஏ. நோயும் திரும்பக்கூடியதுதான். ஆனால் அதனால் சிறுநீரகத்தையே இழப்பவர்கள் முதல் பத்து ஆண்டில் ஏறத்தாழ பத்தில் ஒருவர். எனவே கிரியாட்டினினோடு சிறுநீரில் புரதமும் ரத்தமும் இருக்கிறதா என்று தவறாமல் பார்க்க வேண்டும். வழக்கமான கிரியாட்டினின் 1.2 என்றால் 1.5 ஆனதும் காரணம் தேடத் தொடங்க வேண்டும். 2 வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மாற்று சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே இதயநோயாலோ தொற்றாலோ புற்றுநோயாலோ இறப்பவர்களும் பலர். ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனால் பசி கூடும், எடை ஏறும், புதிதாக நீரிழிவும் வரலாம். முதல் ஆண்டிலேயே எடையைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். புகை அறவே கூடாது.

இனி அம்மா. ஒன்றை எடுத்தபின் மற்றது கொஞ்சம் பெரிதாகி, சில மாதங்களில் மொத்தத் திறனில் 60 முதல் 70 சதவீதத்தை எட்டிவிடும். கிரியாட்டினின் 0.7 இருந்தது 1.0 அல்லது 1.1 ஆகும். அதை நோய் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். ஆனால் ஆபத்து அறவே இல்லை என்று சொல்வதும் பொய். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, கொடையாளிகள் 10,000 பேரில் வாழ்நாளில் 90 பேருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு வரலாம். அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் இது 14. பரிசோதனை எதுவும் செய்யாத பொதுமக்களில் 326. கொடுப்பதால் ஆபத்து கூடுகிறது, ஆனால் நன்கு சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அது சிறியது. அந்தச் சோதனையில் எங்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை, 24 மணி நேர ரத்த அழுத்தப் பதிவு, சிறுநீரில் கசியும் புரதமான அல்புமின், இரு சிறுநீரகங்களின் தனித்தனித் திறனைக் காட்டும் டி.டி.பி.ஏ. ஸ்கேன், ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம், மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் எல்லாம் முடிய வேண்டும். இரண்டில் நல்ல சிறுநீரகம் அம்மாவிடமே இருக்க வேண்டும். எல்லை நிலையில் சர்க்கரை இருந்தால், பாசத்தைக் காரணம் காட்டி அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் அப்பாவையோ உங்களையோ சோதித்துப் பார்க்கலாம்.

அறுவைக்குப் பின் ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கத் தவிர்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின், சர்க்கரை பார்க்க வேண்டும். தம்பியைச் செக்கப்புக்கு அழைத்துப் போகும் குடும்பங்கள் அம்மாவை மறந்துவிடுவதை நிறையப் பார்க்கிறோம். இருவருக்கும் ஒரே நாளில் தேதி வாங்கிவிடுங்கள்.

அறுவை நாள் முடிவாகும்வரை டயாலிசிஸ் மையத்தில் ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் ரத்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசியாலும் இரும்புச்சத்தாலும் ஏற்றப் பார்க்கட்டும். உயிருக்கு அவசியம் என்றால் தவிர தம்பிக்கு ரத்தம் ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு ரத்தப் பையும் புதிய ஆன்டிபாடிகளைத் தூண்டி, இன்று பொருந்தும் அம்மாவின் சிறுநீரகத்தை நாளை பொருந்தாமல் ஆக்கிவிடக்கூடும்.