பிசி கணிப்பானில் தசம இடங்கள் தொலைவது ஏன்?

கேள்வி: லினக்ஸ் முனையத்தில் பிசி (bc) என்னும் கணிப்பானைப் பயன்படுத்துகிறேன். 10-ஐ 4-ஆல் வகுத்தால் 2 என்றே விடை வருகிறது. ஸ்கேல் மதிப்பை 2 என்று அமைத்த பிறகும் சதவீதக் கணக்குகள் சிறிதளவு தவறுகின்றன. பிழை எங்கே இருக்கிறது?

பதில்: மென்பொருளில் பிழை இல்லை. தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் வேண்டும் என்பதை ஸ்கேல் என்னும் மாறியின் வழியே நாம்தான் பிசியிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதன் மதிப்பு 0 ஆகவே இருக்கும் என்பதால், வகுத்தலில் முழுஎண் பகுதி மட்டும் மிஞ்சுகிறது.

உங்கள் இரண்டாவது சிக்கலே கவனமாகப் பார்க்க வேண்டியது. பிசி எந்த இடத்திலும் விடையை அருகிலுள்ள மதிப்புக்கு முழுதாக்குவதில்லை. மிகுந்த இலக்கங்களை அப்படியே வெட்டிவிடுகிறது. ஸ்கேல் 2 என்று இருக்கும்போது 17/64*100 என்று எழுதினால், முதலில் வகுத்தல் நடந்து .26 என்று வெட்டுப்பட்டு, பிறகு 100-ஆல் பெருகி 26.00 என்று விடை வருகிறது. அதையே 100*17/64 என்று எழுதினால் 26.56 கிடைக்கிறது. பெருக்கலும் இதற்கு விலக்கன்று: 1.05*1.05 என்பதன் சரியான விடை 1.1025 ஆக இருக்க, ஸ்கேல் 0 ஆனாலும் 2 ஆனாலும் பிசி 1.10 என்றே காட்டும். கூட்டு வட்டி போன்ற கணக்குகளில் இந்த இழப்பு ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே ஸ்கேலை 10 அல்லது 20 என்று வைத்துக்கொண்டு கணக்கை முழுவதும் முடித்து, இறுதியில் ஒரே ஒருமுறை முழுதாக்குவதையே நான் வலியுறுத்துவேன். இரண்டு இடங்களுக்கு முழுதாக்க, கிடைத்த விடையோடு 0.005-ஐக் கூட்டி, ஸ்கேலை 2 ஆக்கி, 1-ஆல் வகுத்தால் போதும், 2/3 அப்போது .66 என்றில்லாமல் .67 என்று வரும். எதிர்ம எண்ணாக இருந்தால் 0.005-ஐக் கழிக்க வேண்டும். முன்னால் 0 இல்லாமல் .67 என்று அச்சிடுவது பிசியின் வழக்கம். விடையை வேறொரு நிரலுக்கு அனுப்புவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிசி என்பதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டையும் சிறிய எல் எழுத்தையும் சேர்த்துத் தொடங்கினால், ஸ்கேல் தானாகவே 20 ஆகிவிடும். சைன், கொசைன், மடக்கை முதலிய சார்புகளும் கிடைக்கும். கோணங்களைப் பாகையில் அன்றி ரேடியனில் தர வேண்டும். ஆனால் அந்த நிலையில் சதவீதக் குறியைக் கொண்டு மீதி காண முயலாதீர்கள்: 7%2 என்பதற்கு 1 வராமல் 0 வரும், ஏனெனில் மீதியும் ஸ்கேலைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது. முழுஎண் மீதி வேண்டுமானால் ஸ்கேலை மீண்டும் 0 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கை எக்கோ கட்டளை வழியாக அனுப்புவதாக இருந்தால் அதை மேற்கோள் குறிகளுக்குள் இடுங்கள். இல்லையேல் பெருக்கல் குறியை, முனையத்தில் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல், கோப்புப் பெயர்களுக்கான குறியாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

இத்தனை கவனம் கோரினாலும் பிசி கற்கத் தகுந்த கருவி என்பதே என் உறுதியான கருத்து. இரும எண்முறையில் தசமங்களைக் கையாளும் பல நிரல்மொழிகளில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகையில், பிசி பிசிறில்லாமல் .3 என்று தருகிறது; 2-இன் 100-ஆம் அடுக்கையும் 31 இலக்கங்களோடு ஒன்றுவிடாமல் அச்சிடுகிறது.