பெரிய வரைபடத்தைத் துல்லியமாக ஏற்றுமதி செய்வது: கேள்வி பதில்

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைபடம் போட்டு அச்சுக்கு அனுப்புவதுதான் என் வேலை. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஏ0 அளவில் சுவர் வரைபடம் வேண்டும். 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) கொடுத்தால் மென்பொருள் அப்படியே நின்றுவிடுகிறது. என் கணினி போதாதா?

பதில்: கணினியை விடுங்கள், முதலில் கணக்கைப் பாருங்கள். ஏ0 தாள் 841 × 1189 மில்லிமீட்டர். 300 டிபிஐயிலேயே அது 9933 × 14043 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 14 கோடி பிக்சல், ஒன்றுக்கு 4 பைட் என்று வைத்தால் இந்த ஒரு படத்துக்கே 56 கோடி பைட் நினைவகம் போய்விடும். 600 ஆக்கினால் நீளம், அகலம் இரண்டுமே இரட்டிப்பதால் இது நான்கு மடங்காகும். தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 போதும். கிட்டே போய்ச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டுமா, 300 வையுங்கள்.

கேள்வி: அண்ணா, பின்னணிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (பலர் சேர்ந்து உருவாக்கும் இலவச இணைய வரைபடம்) வைத்தேன். டிபிஐ கூட்டக் கூட ஊர்ப் பெயர்கள் எறும்பு மாதிரி சிறுத்துப் போகின்றன, ஏன்?

பதில்: நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அந்தப் பின்னணி 256 × 256 பிக்சல் சதுரங்களாக, சர்வரிலேயே வரைந்து முடித்து வரும் படம், எழுத்தும் அதிலேயே பதிந்திருக்கிறது. நீங்கள் டிபிஐ கூட்டினால் மென்பொருள் இன்னும் ஆழமான ஜூம் நிலையின் சதுரங்களை இழுக்கிறது, ஆனால் அந்த எழுத்து சுமார் 96 டிபிஐ திரையில் படிப்பதற்காகப் போட்டது, 300இல் அச்சிட்டால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கத்தான் செய்யும். டிபிஐயை இன்னும் கூட்டினால் இன்னும் மோசமாகும். சாலை, ஆறு, எல்லை எல்லாவற்றையும் வெக்டர் தரவாக, அதாவது படமாக இல்லாமல் கோடும் புள்ளியுமாக இறக்கி, நிறமும் எழுத்தும் நீங்களே கொடுங்கள். முதல் தடவை நேரம் பிடிக்கும், செய்துவிட்டால் எந்தத் தாளுக்கும் அதுவே ஆகும். அப்புறம், அந்தப் பொதுச் சர்வரிலிருந்து சதுரங்களை மொத்தமாக அள்ளுவதை அதன் விதிகளே தடுக்கின்றன. நன்கொடையில் ஓடுவது அது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: பிடிஎஃப்தான் எடுத்தேன், ஆனாலும் பெரிதாக்கினால் கோடெல்லாம் பிசிறடிக்கிறது.

பதில்: ஏதோ ஒரு லேயரில் (வரைபடத்தின் ஓர் அடுக்கில்) பிளெண்டிங் மோடோ (அடுக்குகளின் நிறங்கள் கலக்கும் விதம்), லேயர் முழுவதற்குமான ஒபாசிட்டியோ (ஒளிபுகாத் தன்மை) மாற்றியிருப்பீர்கள். அது ஒன்று இருந்தாலே வரைபடம் ராஸ்டராகிவிடும், அதாவது பிக்சல்களாலான படமாகிவிடும். ஒபாசிட்டியை லேயரில் 100 ஆக்கிவிட்டு, நிரப்பும் நிறத்தில் குறையுங்கள்.

கேள்வி: என் கணினியில் தமிழ்ப் பெயர்கள் சரியாக இருக்கின்றன, அச்சகத்தில் திறந்தால் கொம்பு தனியாக, கால் தனியாக நிற்கிறது.

பதில்: பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்தைப் பாதைகளாக மாற்றும் தேர்வை வையுங்கள். எழுத்து வெறும் வடிவமாகிவிடுவதால் அங்கே எழுத்துரு தேவையில்லை. பெயரைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது, அச்சுக்கு அது பரவாயில்லை.

கேள்வி: ஏ0வை விடப் பெரிதாகப் படமாகவே வேண்டும் என்றால்?

பதில்: க்யூஜிஐஎஸ்ஸின் பிராசஸிங் கருவிப் பெட்டியில் வரைபடத்தை ராஸ்டராக்கும் கருவி இருக்கிறது, துண்டு துண்டாக வரைந்து ஒரே ஜியோடிஃப் கோப்பாக (இருப்பிடத் தகவலும் சேர்ந்த படக் கோப்பு) தரும். துண்டுகள் சேரும் இடத்தில் பெயர்கள் வெட்டுப்படலாம், அதனால் துண்டின் அளவைப் பெரிதாக வையுங்கள். ஜேபெக் வேண்டாம், ஒரு பக்கம் 65,535 பிக்சலுக்கு மேல் அது தாங்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு என்றால் மூலையில் அதன் பங்களிப்பாளர்களுக்கான குறிப்பை மறக்காமல் போடுங்கள்.