மூன்று மணி விழிப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மும்பைப் பக்கம் டோம்பிவிலியில் இருக்கிறேன். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு வங்கியில் வேலை. சில மாதங்களாக இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. காலாண்டுக் கணக்கு, ஊரில் அம்மாவின் கண் ஆபரேஷன், வீட்டு லோன், மேலாளர் சொன்ன ஒரு சொல் என்று எல்லாம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். 'யோசிக்காதே' என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். இன்னும் வேகமாக ஓடும். போனை எடுத்து அலுவலகக் குழுவில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எவ்வளவோ பேர் கஷ்டப்படுகிற ஊரில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படித் தவிப்பது வெட்கமாக இருக்கிறது. இகத்புரியில் 10 நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனால் மனம் அடங்குமா?

சுதா

அன்புள்ள சுதா,

முதலில் அந்த வெட்கத்தை விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் முறிந்ததால் உங்கள் பல்வலி குறையாது.

'யோசிக்காதே' என்ற கட்டளையையும் விடுங்கள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேலேயே மணி அடித்தது. ஒன்றை நினைக்கக் கூடாதென்றால், அது வருகிறதா என்று மனத்தின் ஒரு மூலை காவல் காக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவலே அதைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. மூன்று மணிக்கு உங்களுக்கு நடப்பதும் இதுதான்.

என் அத்தையைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

அத்தை தாராவியில் இட்லி அவித்துக் கொடுப்பாள். மாமா விடிவதற்கு முன் சைக்கிளில் தூக்கைக் கட்டிக்கொண்டு மாஹிம் பக்கம் விற்கப் போவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு திரும்பிக்கொண்டது. அத்தை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கிரைண்டர் முழுகியது, உளுந்து மூட்டை ஊறி நாறியது, வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் நனையாமல் இருந்தது. நான் அப்போது அவள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர் வடிந்த இரவு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"எழுதுல. நாளைக்கு என்ன செய்யணும்னு எழுது."

கிரைண்டர் மோட்டார்: 90 அடி ரோட்டு அண்ணாச்சியிடம் காலையில் காட்ட. உளுந்து: கொட்ட. ரேஷன் கார்டு: காயப்போட. வட்டிக்காரர்: சனிக்கிழமை வருவார், ரெண்டு வாரம் தவணை கேட்க. இப்படியே சொல்லிக்கொண்டு போனாள். நான் இடையில், "திரும்பவும் இப்படி வெள்ளம் வந்தா என்ன செய்ய அத்தை?" என்றேன்.

"அதை எதுக்கு எழுதுத? அதுக்கு நாளைக்கு என்னத்தச் செய்யப் போற?"

சொல்லி முடித்ததும் ஈரத் தரையில் சாக்கை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள். விடியும்வரை விழித்துக் கிடந்தவன் நான்.

பல வருடம் கழித்து, 2018இல் டெக்சாஸ் மாநிலத்தின் பேய்லர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வைப் படித்தபோது அத்தை நினைவுதான் வந்தது. 57 பேரைத் தூங்கப் போகும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் இனிச் செய்ய வேண்டியவற்றை. செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். அவர்களிலும் யார் பட்டியல் விவரமாக இருந்ததோ அவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம். முடியாத வேலையை மனம் விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு ஓர் இடமும் நாளும் குறித்துவிட்டால் நினைவூட்டுகிற வேலை மனத்துக்கு இல்லை.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். 'லோன்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதாதீர்கள், அது பட்டியல் இல்லை, புலம்பல். என்ன, யாரிடம், என்றைக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றும் இல்லாதது நோட்டில் ஏறக் கூடாது. போனில் எழுதினால் ஆகாதா என்பீர்கள். ஆகாது சுதா. உங்களை எழுப்பி உட்காரவைக்கிற அலுவலகக் குழு இருப்பதும் அதே போனில்தான். மூன்று மணிக்கு அதைத் திறந்து பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? அந்நேரத்தில் யாருக்குப் பதில் போடுவீர்கள்? மனம் ஓடுகிறது என்று எனக்கு எழுதுகிறீர்கள், அதற்கு ராத்திரி ராத்திரியாகத் தீனி போடுவது உங்கள் கைதான். போனைச் சமையலறையில் வையுங்கள். அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக்கூடச் செய்ய மாட்டேன் என்றால் எனக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை.

விழிப்பு வந்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நெஞ்சுத் துடிப்பு தணியும். விபாசனா? போங்கள், நல்லதுதான். ஆனால் அங்கே போனும் பேனாவும் கையில் இருக்காது, அம்மாவின் ஆபரேஷன் முடிந்த பிறகு போங்கள். தூக்கமின்மை மாதக்கணக்கில் நீடிப்பதால் ஒரு மருத்துவரைப் பார்ப்பது அவசியம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலும் பேசலாம்.

மேலாளர் சொன்னது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் கேட்க ஏதாவது இருந்தால் 'திங்கள் காலை' என்று நோட்டில் குறியுங்கள். இல்லையென்றால் அதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று எல்லாவற்றையும் நீங்களே சுமக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இன்றைக்கு ராத்திரியே அவரைக் கூப்பிடுங்கள். எந்த டாக்டர், எந்தத் தேதி, கூட யார் இருப்பார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.