இந்தியானா வால்பரைசோ யுனிவர்சிட்டி கேம்பஸ் வாழ்க்கை: கேள்வி பதில்

வணக்கம் எல்லாருக்கும். அமெரிக்காவுல இந்தியானா மாநிலத்துல, சிகாகோவுக்குக் கிட்ட இருக்கிற வால்பரைசோ யுனிவர்சிட்டிலதான் நான் மாஸ்டர்ஸ் பண்ணேன், அங்க எல்லாரும் வால்போன்னுதான் சொல்வாங்க. லூத்தரன், அதாவது மார்ட்டின் லூத்தர் வழி வந்த கிறிஸ்தவப் பிரிவோட யுனிவர்சிட்டின்னா உள்ள எப்படி இருக்கும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, வந்த வரிசையில பதில் சொல்றேன்.

ஆம்பூர் தம்பி: அக்கா, நாங்க ஐஈஎல்சி, அதாவது இந்திய சுவிசேஷ லூத்தரன் சபை, அமெரிக்க மிசௌரி மிஷன் வழியா வந்தவங்க. வால்போவும் நம்ம சபையோட காலேஜ்தானா?

உறவு இருக்கு தம்பி, ஆனா எந்த சபைக்கும் சொந்தமில்ல. 1859ல மெதடிஸ்ட்னு இன்னொரு கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க ஆரம்பிச்சாங்க, அந்தக் காலத்துலயே ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற காலேஜ். 1871ல மூடிட்டாங்க. 1873ல ஹென்றி பிரவுன்னு ஒருத்தர் திரும்பத் திறந்து, கையில காசில்லாத பசங்களும் படிக்கிற மாதிரி நடத்தினதால 'ஏழைகளோட ஹார்வர்ட்'னே பேர் வந்துச்சு. முதல் உலகப் போருக்கு அப்புறம் நிலைமை ரொம்ப மோசமாகி 1923ல கு க்ளக்ஸ் கிளான் அத வாங்கப் பாத்துச்சு, ஆமா அந்த வெள்ளை இனவெறிக் கும்பலேதான், நல்லவேளை அது நடக்கல. 1925ல லூத்தரன் பாதிரிமாரும் சபை மக்களும் சங்கமா சேர்ந்து வாங்கினாங்க. அதுல பெரும்பாலும் மிசௌரி சினாடுங்கற அமெரிக்க லூத்தரன் சபை ஆளுங்க, 1895ல கிருஷ்ணகிரில ஊழியம் ஆரம்பிச்ச அதே சினாடு. ஆனா சினாடு பேர்ல எழுதி வைக்காம தனி சங்கமாவே வச்சுக்கிட்டாங்க, அது ரொம்ப நல்ல முடிவுன்னு நான் நினைக்கிறேன், அதனாலதான் அங்க எல்லாவிதமான லூத்தரன் ஆளுங்களும் ஒண்ணா உக்கார முடியுது. சீட்டு, ஸ்காலர்ஷிப் விஷயத்த அட்மிஷன் ஆபீஸ்லயே கேட்டுரு.

மதுரை அம்மா ஒருத்தங்க: நாங்க இந்துக்கள்மா. பொண்ணுக்கு அங்க அட்மிஷன் கிடைச்சிருக்கு. சர்ச்சுக்குக் கட்டாயமா போகச் சொல்வாங்களா?

இல்லம்மா, பயப்படாதீங்க. யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க, ஏன் வரலன்னும் கேக்க மாட்டாங்க. கேம்பஸ் நடுவுல ரெசரெக்‌ஷன் சேப்பல்னு பெரிய கோயில், 1956ல பழைய கட்டடம் தீப்பிடிச்சு எரிஞ்சதுக்கு அப்புறம் கட்டி 1959ல பிரதிஷ்டை பண்ணது, அமெரிக்காவுல காலேஜ்களுக்குள்ள இருக்கிற சேப்பல்கள்ல ரொம்பப் பெருசுன்னு சொல்றதுல இதுவும் ஒண்ணு. காலைல ஒரு சின்ன ஜெப நேரம் இருக்கு, அந்த நேரத்துல கிளாஸ் வைக்காம விட்டுடுவாங்க. வர்றவங்க வருவாங்க, மத்தவங்க காபி குடிப்பாங்க, ஹோம்வொர்க் முடிப்பாங்க. ஆனா உங்க பொண்ணு ஒரு தடவையாவது காலை வெயில்ல உள்ள போய்ப் பாக்கட்டும்மா. பீடத்துக்குப் பின்னாடி சுமார் 90 அடி உயரத்துக்குக் கலர் கண்ணாடி ஜன்னல்கள், வெயில் ஏற ஏற அந்த சிவப்பும் நீலமும் தரையில நகர்ந்துக்கிட்டே போகும், அத உக்காந்து பாக்க எந்த மதமா இருந்தாலும் என்ன.

ஐடி பையன்: எக்ஸாம் ஹால்ல புரொஃபசரே இருக்க மாட்டாராமே, நிஜமாவா?

நிஜம்தான், எனக்கு வால்போல ரொம்பப் பிடிச்ச விஷயமும் இதுதான். ஹானர் கோட்னு பேரு, 1940கள்ல மாணவர்களே முன்ன நின்னு கொண்டு வந்தது. கேள்வித்தாளக் கொடுத்துட்டு புரொஃபசர் வெளிய போயிடுவார். முடிச்சதும் பேப்பர்ல உன் கைப்பட எழுதி கையெழுத்துப் போடணும், சாராம்சம் என்னன்னா, அனுமதியில்லாத உதவிய நான் கொடுக்கல, வாங்கல, மத்தவங்க செஞ்சதையும் கண்டும் காணாம விடல. இந்த மூணாவதுதான் நம்ம ஊர்ப் பசங்களுக்குத் திண்டாட்டம், ஃபிரெண்ட எப்படிக் காட்டிக் கொடுக்கறதுன்னு. புகார் வந்தா அத விசாரிக்கிற கவுன்சில்லயும் மாணவர்கள்தான் இருப்பாங்க. ஹோம்வொர்க், அசைன்மெண்டுக்கும் இதே விதிதான், அதனால எந்த அளவுக்கு சேர்ந்து செய்யலாம்னு ஒவ்வொரு புரொஃபசர்கிட்டயும் முதல் வாரமே கேட்டுக்கோ தம்பி, குரூப்பா உக்காந்து அசைன்மெண்ட் போட்டுப் பழகினவங்க மாட்டிக்கிறது அங்கதான்.

சேலம் அண்ணா: ஜெபம், படிப்பு தவிர கொண்டாட்டம்னு எதுவும் இல்லையாம்மா?

ஏன் இல்லண்ணா! ஊர்லயே செப்டம்பர்ல பாப்கார்ன் திருவிழா, 1979லேருந்து நடக்குது, பாப்கார்ன் வியாபாரி ஆர்வில் ரெடன்பாக்கர் தொழில் நடத்தின ஊருங்கறதால. கிரைஸ்ட் காலேஜ்னு உள்ளயே நல்லாப் படிக்கிற பசங்களுக்குன்னு ஒரு ஹானர்ஸ் காலேஜ் இருக்கு, அதுல சேர்ற முதல் வருஷப் பசங்க முதல் செமஸ்டர்லயே பாட்டோட ஒரு முழு நாடகத்தத் தாங்களே எழுதி மேடையேத்துவாங்க, ஒருத்தர ஒருத்தர் அறிமுகமே ஆகாத பசங்க அதுக்குள்ள குடும்பம் மாதிரி ஆயிடுவாங்க. அப்புறம் பாஸ்கெட்பால். 1998ல மார்ச் மேட்னஸ்ங்கற தேசிய காலேஜ் பாஸ்கெட்பால் போட்டியில மிசிசிப்பி டீமுக்கு எதிரா 2.5 செகண்ட் மிச்சம் இருக்கும்போது பிரைஸ் ட்ரூ அடிச்ச த்ரீ பாயிண்டர்ல 70-69னு ஜெயிச்சாங்க, கோச் அவரோட அப்பா ஹோமர் ட்ரூ. அங்க 'தி ஷாட்'னு சொன்னாலே போதும், அந்த வருஷம் பொறக்காத பசங்ககூட நேர்ல பாத்த மாதிரி விவரிப்பாங்க.

பெயர் போடாதவர்: டீம் பேர் க்ரூசேடர்ஸ்னுதானே இருந்துச்சு, ஏன் மாத்தினாங்க?

2021ல மாத்தினாங்க. க்ரூசேடர்னா சிலுவைப் போர் வீரன், அந்தப் படத்தையும் பேரையும் வெறுப்புக் கும்பல்கள் எடுத்துப் பயன்படுத்த ஆரம்பிச்சதும் முதல்ல ஆசிரியர்களும் மாணவர்களும்தான் வேண்டாம்னாங்க. இப்ப பீக்கன்ஸ், வழிகாட்டுற விளக்கு. யுனிவர்சிட்டியோட வாசகமே 36ஆம் சங்கீதத்துல வர்ற 'உம்முடைய வெளிச்சத்திலே வெளிச்சம் காண்கிறோம்'ங்கறதுதான், அதோட பொருத்தமா இருக்கு. பழைய ஆளுங்க சிலருக்கு வருத்தம், ஆனா 1942க்கு முன்னாடி டீம் பேர் ஊலான்ஸ், அதுவும் ஜெர்மன் குதிரைப்படைப் பேருன்னு போர்க்காலத்துல மாத்தினதுதான்.

ஓவியம் படிக்கிற தங்கச்சி: யுனிவர்சிட்டி ம்யூசியத்துல இருக்கிற படங்கள விக்கப் போறதா நியூஸ் வந்துச்சே?

ஆமாம்மா. 2023ல புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைஞ்சது உட்பட 3 ஓவியங்கள வித்து முதல் வருஷ ஹாஸ்டல்கள சரி பண்ணப் போறோம்னு நிர்வாகம் சொல்லுச்சு. பெரிய எதிர்ப்பு, கேஸ்வரைக்கும் போச்சு. ஹாஸ்டல் ரிப்பேர் தேவைதான், மறுக்கல. ஆனா ஒரு ஊரே வந்து பாக்கட்டும்னு சேர்த்து வச்ச படத்த விக்கறது தப்புன்னுதான் எனக்குத் தோணுது.

நாகர்கோவில் அக்கா: கிறிஸ்துமஸ் ஆராதனை எப்படி இருக்கும்?

அட்வெண்ட் வெஸ்பர்ஸ்னு, கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை ஆராதனை, டிசம்பர்ல, செமஸ்டர் எக்ஸாமுக்குக் கொஞ்சம் முன்னாடி வைப்பாங்க. கொயர், ஆர்கன், வேத வாசிப்புன்னு அந்தப் பெரிய சேப்பலே நிரம்பிடும், ஊர்க்காரங்களும் பழைய மாணவர்களும் வந்து இடம் பிடிப்பாங்க, அதனால சீக்கிரம் போயிடுங்க. பாடத் தெரிஞ்சா கொயர் ஆடிஷனுக்கே போங்க, மியூசிக் மேஜரா இருக்கணும்னு இல்ல, இன்ஜினியரிங் பசங்களும் பாடுவாங்க. மிச்சிகன் ஏரிக்காத்தால திடீர்னு பனி கொட்டும் அப்போ, புடவை கட்டினாலும் கால்ல ஸ்நோ பூட்ஸ் போட்டுக்கோங்க.