வீட்டுக் கணினிக்கு நம்பகமான டிஸ்க் இமேஜ், பேக்கப் மென்பொருள் எது?

கேள்வி: தொண்டியில் இருக்கிறேன். வீட்டுக் கணினியை விண்டோஸோடு சேர்த்து முழுவதுமாக இமேஜ் எடுத்து வைக்க நம்பகமான மென்பொருள் எது? இலவசமானது போதுமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா? 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டுடிஸ்க் ஒன்று கையில் இருக்கிறது.

நீங்கள் தொண்டி என்று குறிப்பிட்டதால்தான் எழுதுகிறேன். நானும் இதே கடற்கரைக்காரன், ஊர் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள், எதுவும் தவறாக இருக்காது. இமேஜ் எடுக்கும் வேலையை, அதாவது டிஸ்கில் இருப்பதை விண்டோஸோடு அப்படியே பிரதி எடுப்பதை, பெயர் பெற்ற எல்லா மென்பொருள்களும் செய்துவிடுகின்றன. எடுத்ததைத் திருப்பித் தருமா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. என் மைத்துனரின் கருவாட்டு வியாபாரத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவன் நான். எங்கள் தொழிலில் முன்பணம் வாங்கும் நாளில் எல்லோரும் நல்லவர்கள்தான்; ஆள் எப்படிப்பட்டவர் என்பது திருப்பித் தரும் நாளில்தான் தெரியும். பேக்கப் மென்பொருளையும் அந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்லவே இந்த நீண்ட பதில்.

உங்களுடையது கடையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டித் தந்த கணினியாக இருக்கும், ஒரே ஹார்டுடிஸ்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், "முக்கியமானதை டி-யில் போட்டு வையுங்கள், விண்டோஸ் போனாலும் அது போகாது" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். விண்டோஸ் கெட்டால் அது உண்மை. டிஸ்க் கெட்டால் மூன்றும் ஒன்றாகப் போகும். ஒரே வள்ளத்தில் மூன்று அறை தடுத்தால் அது மூன்று வள்ளம் ஆகிவிடாது. இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதனால்தான் 2018-இல், அக்கம்பக்கத்தில் யாரும் செய்யாத வேலையாக, காசு கொடுத்து ஓர் இமேஜிங் மென்பொருளும் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்கும் வாங்கினேன். ஞாயிறுதோறும் இரவு பத்து மணிக்கு அது தானாக ஓடும். காலையில் பார்த்தால் திரையின் மூலையில் ஒரு பச்சை டிக் இருக்கும். இரண்டு ஆண்டுகள் அந்தப் பச்சை டிக்கை நம்பி நிம்மதியாகத் தூங்கினேன்.

2020 டிசம்பர் முதல் வாரம், புரெவி புயல் இலங்கையைக் கடந்து பாம்பன் பக்கம் வந்து வலுக்குறைந்து, கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்ற நாள்கள். மின்சாரம் ஒரேயடியாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. போவதும் வருவதுமாக இருந்தது. என் யுபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது, அது என் தவறுதான். இரண்டாம் நாள் காலையில் அடுத்த அறையிலிருந்து அம்மா, "பல்லி சொல்லுது, இன்னைக்குப் பணம் காசு யாருக்கும் குடுத்துறாதய்யா" என்றார்கள். நான் காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் சுவரிலிருந்து வரவில்லை, கணினிப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. டிக், டிக், டிக் என்று மூன்று முறை, பிறகு ஓர் இடைவெளி, மறுபடி மூன்று முறை. ஹார்டுடிஸ்கின் தலைப்பகுதி தகட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும் சத்தம் அது.

அப்போதும் நான் பதறவில்லை, இமேஜ் இருக்கிறதே என்றிருந்தேன். புதிய டிஸ்க் வாங்கி மாட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. முதலாவது, மென்பொருளே செத்த டிஸ்குக்குள்தான் இருந்தது. வெளியிலிருந்து கணினியைக் கிளப்பும் மீட்புப் பென்டிரைவை நான் செய்து வைத்திருக்கவே இல்லை. அண்ணன் மகனுடைய லேப்டாப்பை இரவல் வாங்கி அதைச் செய்துகொண்டேன். இரண்டாவதாக வந்ததுதான் அடி. மீட்பு வேலை 41 சதவீதம் வரை ஓடி, இமேஜ் கோப்பு பழுதடைந்துள்ளது என்று ஒற்றை வரியைக் காட்டி நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அதே 41.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் இதே அமைப்பைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள். முழு இமேஜை ஒருமுறை எடுத்துவிட்டு, அடுத்தடுத்த வாரங்களில் மாறியதை மட்டும் சேர்த்துக்கொண்டே போவது இன்கிரிமென்டல் முறை. இடம் மிச்சமாகும், நேரமும் மிச்சமாகும். ஆனால் நூறாவது வாரத்து நிலை வேண்டுமென்றால் முதல் இமேஜும் இடையிலுள்ள தொண்ணூற்றுச் சொச்சம் கோப்புகளும் ஒன்றுவிடாமல் நன்றாக இருக்க வேண்டும். முதல் இமேஜோடு ஒப்பிட்டு மாறியதை மட்டும் சேர்க்கும் டிஃபரன்ஷியல் முறையில் இரண்டே கோப்பு போதும், இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும். என் எக்ஸ்டர்னல் டிஸ்கில் முதல் இமேஜ் இருந்த பகுதியில் படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்கின் சிறு சிறு பகுதிகள்) விழுந்திருந்தன. புதிதாக எழுதுவதற்குப் பழையதை முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டிய தேவை மென்பொருளுக்கு இல்லை. அது பாட்டுக்கு வாரந்தோறும் எழுதி, எழுதியதற்குப் பச்சை டிக் போட்டுக்கொண்டிருந்தது. எடுத்த இமேஜைச் சரிபார்க்கும் வசதி அதில் இல்லாமல் இல்லை. மேம்பட்ட அமைப்புகள் என்ற பக்கத்தின் அடியில், டிக் போடப்படாத நிலையில் இருந்தது.

டிஸ்க் கெட்டதற்கு மென்பொருள் என்ன செய்யும் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயம்தான், ஆண்டு முழுவதும் அந்த டிஸ்கைக் கழற்றாமல் செருகியே வைத்திருந்தவன் நான். இருந்தாலும், உதவி கேட்டு அந்த மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதியபோது மூன்று நாள் கழித்து, உங்கள் உரிமம் காலாவதியாகிவிட்டது, புதுப்பித்தால் பார்க்கிறோம் என்று பதில் அனுப்பினார்களே, அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மதுரையில் டேட்டா மீட்கும் ஒரு கடையில் 22,000 ரூபாய் கேட்டார்கள், வரும் என்ற உறுதியும் இல்லை என்றார்கள்.

மிஞ்சியது ஒன்றுதான்: வரிக்கணக்குக்காக ராமநாதபுரத்து ஆடிட்டரிடம் பென்டிரைவில் கொடுத்திருந்த, மார்ச் வரையிலான டேலி (கணக்கு மென்பொருள்) பேக்கப். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எழுதிய எட்டு மாதக் கணக்கு இல்லை. ஊரடங்கு ஆண்டாகையால் அந்த எட்டு மாதத்தில்தான் வள்ளக்காரர்களுக்கு முன்பணம் அதிகமாகக் கொடுத்திருந்தோம். நானும் மைத்துனரும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு 38 வீடுகளுக்கு நடந்தோம். பெரும்பாலோர் தயங்காமல் தொகையைச் சொன்னார்கள். ஓர் அக்கா எங்களை அடுப்படிக்கே கூட்டிப் போய்ச் சுவரைக் காட்டினார்கள். ஆயிரத்துக்கு ஒரு கரிக்கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே, திருப்பிக் கொடுத்ததற்கு மேலே ஒரு சுழி. "தம்பி, ஒங்க பெட்டி செத்தா என் செவுரும் சாகுமா?" என்று சிரித்தார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை எனக்காகத் தள்ளி வைத்திருந்தார்களாம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இன்று நான் வைத்திருப்பவை இரண்டு, இரண்டுமே இலவசம். ஒன்று குளோன்ஸில்லா. தைவானில் உருவான திறமூல மென்பொருள். விண்டோஸுக்குள் நிறுவுவது கிடையாது, பென்டிரைவிலிருந்தே கணினியைக் கிளப்பி ஓட்ட வேண்டும். இதை ஒரு குறையாகச் சொல்வார்கள், எனக்கு அதுவே அதன் முதல் தகுதி. மீட்புப் பென்டிரைவ் இல்லாமல் அதில் இமேஜ் எடுக்கவே முடியாது என்பதால் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வழியே இல்லை. எடுத்து முடித்ததும், இந்த இமேஜ் மீட்கக்கூடியதா என்று சரிபார்க்கவா எனக் கேட்கும். ஆம் என்றே விடுங்கள், நேரம் பிடித்தாலும் பரவாயில்லை. முகம்தான் கொஞ்சம் கடுமை. எழுத்தாலான பட்டியல்கள் வரிசையாக வரும், டிஸ்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று அழைக்கும். எது உள் டிஸ்க், எது வெளி டிஸ்க் என்று மாற்றிச் சொல்லிவிட்டால் நல்லதன் மேல் கெட்டதை எழுதிவிடும்; எழுதுமுன் இரண்டு முறை கேட்பது அதனால்தான். கணினியை முழுதாக அணைய விடாத, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை அணைத்துவிட்டு, முறையாக ஷட்டவுன் செய்த பிறகு ஓட்டுங்கள். வழக்கமான அமைப்பில், இமேஜ் எடுத்த டிஸ்கைவிடச் சிறிய டிஸ்குக்கு அது மீட்டுத் தராது. 1 டிபி ஹார்டுடிஸ்கில் 120 ஜிபிதான் நிறைந்திருக்கிறது, 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்றலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

மற்றொன்று வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாறியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பேக்கப் முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்கைத் தானே வெளியேற்றிவிடும் வசதி உண்டு. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும் என்பதால் அந்த டிக்கைக் கட்டாயம் போடுங்கள். இலவசப் பதிப்பில் ஒரே ஒரு பேக்கப் வேலையைத்தான் அமைக்க முடியும். ஒரு வீட்டுக் கணினிக்கு அது போதும். இதற்கும் மீட்புப் பென்டிரைவை முதல் நாளே செய்துவிட வேண்டும். ஆக, மாதம் ஒரு முறை குளோன்ஸில்லாவில் முழு இமேஜ், தினசரி வேலைக்கு வீம்.

விண்டோஸிலேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதியைப் பரிந்துரைக்க மாட்டேன். மைக்ரோசாஃப்டே 2017-இல் அதைக் கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் சேர்த்து, வேறு நிறுவன மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசம்தானே என்று பழைய பதில்களில் பார்த்திருப்பீர்கள். அந்த இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரி 1-உடன் முடிந்தது. எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் இமேஜ் போடுவதை இன்னமும் "கோஸ்ட் போடுவது" என்றே சொல்கிறார்கள், ஆனால் அந்த நார்ட்டன் கோஸ்ட் 2013-லேயே நிறுத்தப்பட்டது. மென்பொருள் போனாலும் இமேஜ் கிடக்கும், திறக்கத்தான் ஆள் இருக்காது. ஆகையால் எந்த மென்பொருளில் எடுத்தாலும் அதன் மீட்புப் பென்டிரைவை இமேஜ் டிஸ்கோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு விரோதம் இல்லை. வாங்குமுன், உரிமம் முடிந்த பிறகும் பழைய இமேஜை மீட்க விடுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய லேப்டாப்பாக இருந்தால் டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் எனக்கு வேலை குறைவு. அந்த 61 நாளில் ஒரு நாள், கணினியின் உள் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, அதே கொள்ளளவில் வாங்கி வைத்திருக்கும் பழைய டிஸ்க் ஒன்றை மாட்டி, இமேஜை அதில் இறக்கி, விண்டோஸ் வருகிறதா, டேலி திறக்கிறதா, கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். ஒரு முறை வரவில்லை. கணினி கிளம்பும் விதத்தைத் தீர்மானிக்கும் பயாஸ் அமைப்பில், யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்குப் பதில் பழைய முறை தேர்வாகியிருந்ததே காரணம். அமைதியான நாளில் அரை மணியில் அது சரியாயிற்று. புயல் நாளாக இருந்தால் அது எனக்குத் தோன்றியிருக்காது.

இவ்வளவு தேவையா, எல்லாவற்றையும் கிளவுடில் போடலாமே என்று சென்னையிலிருந்து யாராவது எழுதுவார்கள். கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் டேலி பேக்கப்பையும் வீட்டுப் பத்திரங்களின் படங்களையும் நானும் போடுகிறேன். 150 ஜிபி இமேஜை மொபைல் டேட்டாவில் ஏற்றச் சொல்பவர்கள் எங்கள் தீவுக்கு வந்து ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். அதற்குப் பதிலாக, ஒரு டிஸ்க் வீட்டிலும் இன்னொன்று பரமக்குடியில் தங்கை வீட்டிலும் இருக்கின்றன. மாதம் ஒரு முறை இரண்டையும் மாற்றிக்கொள்கிறோம். தனுஷ்கோடி 1964-இல் ஒரே இரவில் போனதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு பிரதி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால்தான் மனம் ஆறுகிறது.

உங்களிடம் இருக்கும் 1 டிபி டிஸ்கில் எதையும் எழுதுமுன் அதன் கேபிளைக் கழற்றி, முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என் பழைய டிஸ்கின் யுஎஸ்பி முனைக்குள் செம்புப் பாத்திரத்தில் பூப்பது போலப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இரவில் சில நேரம் டிங்டாங் என்று டிஸ்க் விட்டுவிட்டு இணையும் ஒலி கேட்டதையும் நான் பொருட்படுத்தவில்லை. உப்புக்காற்று உங்கள் ஊரிலும் இதேதான். களிம்பு இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள், டிஸ்கின் உடல்நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் அதன் நிலை நீலமா மஞ்சளா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் அந்த டிஸ்க் வேண்டாம். நீலம் என்றால், வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.