குவாட்டர்பேக்குக்குக் கொடுத்தது போக மீதி எவ்வளவு?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அமெரிக்கக் கால்பந்துதான். அந்த ஊர் லீக்கான என்.எஃப்.எல். ரசிகர்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள் போலிருக்கிறது. புதிதாகப் படிப்பவருக்கு இரண்டு வார்த்தை: குவாட்டர்பேக் என்பவர் பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர். டிராஃப்ட் என்பது ஏப்ரலில் அணிகள் முறை வைத்து, சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களை எடுப்பது, அந்த முறைக்குத்தான் தேர்வு என்று பெயர், அதை மற்ற அணிகளோடு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

கேள்வி: எங்கள் அணியின் குவாட்டர்பேக் தேறமாட்டார். டிராஃப்டில் முதல் சுற்றிலேயே ஒருவரைத் தூக்கிவிட வேண்டும் என்கிறேன் நான். டாம் பிரேடியே 199-வது ஆளாக வந்தவர்தானே, பொறு என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான். ஆனால் தம்பி விடமாட்டார், அடுத்து பிராக் பர்டியை இழுத்துக்கொண்டு வருவார், 2022 டிராஃப்டில் 262-வது, அதாவது கடைசி ஆளாக வந்தவர் சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டம் வரைக்கும் போகவில்லையா என்பார். போனார்தான். ஆனால் அவருடைய அணியான சான் பிரான்சிஸ்கோ அவரை நம்பியா உட்கார்ந்திருந்தது? 2021 டிராஃப்ட் வரிசையில் 12-வது இடத்திலிருந்து 3-வது இடத்துக்கு ஏறுவதற்காக அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து குவாட்டர்பேக் டிரே லான்ஸை எடுத்தார்கள். 2022-ல் இரண்டாவது ஆட்டத்திலேயே லான்ஸின் கணுக்கால் போனது, டிசம்பரில் இன்னொரு குவாட்டர்பேக் கராப்பலோவின் பாதம் போனது, மூன்றாவது ஆளாக பெஞ்சில் இருந்த பர்டி உள்ளே வந்தார். போட்ட திட்டமெல்லாம் போன பிறகு தானாக வந்து வாய்த்தது அது. பிரேடி கதையும் அப்படித்தான். அவர் இப்படி ஆடுவார் என்று தெரிந்திருந்தால் அவரை ஆறாம் சுற்றில் எடுத்த நியூ இங்கிலாந்து ஐந்து சுற்று சும்மா இருந்திருக்குமா?

ஆனால் முதல் சுற்று என்றால் நிச்சயம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2018 முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்குகள் போனார்கள். பத்தாவதாக எடுத்த ஜோஷ் ரோசனை ஒரே வருடத்தில் அரிசோனா தள்ளிவிட்டது. அதே சுற்றின் கடைசி இடமான 32-ல் போன லமார் ஜாக்சன் சீசனின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருதை இரண்டு முறை வாங்கிவிட்டார். முதல் சுற்றில் எடுங்கள், சரி, ஆனால் அதற்காக அடுத்தடுத்த வருடங்களின் தேர்வுகளையும் சேர்த்து அடகு வைப்பதாக இருந்தால் இரண்டு தடவை யோசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சம்பள உச்சவரம்பு, சாலரி கேப் என்று பயமுறுத்துகிறார்கள், ஆனால் ஒவ்வொரு மார்ச்சிலும் எல்லா அணியும் எப்படியோ சமாளித்துவிடுகிறது. கேப் என்பதே கட்டுக்கதைதானே?

பதில்: இல்லை. ஒரு அணி ஒரு வருடத்தில் வீரர்களுக்கு மொத்தமாக எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கு 1994-ல் வந்த கேப் இது, 2024-ல் 25.54 கோடி டாலர், 2025-ல் 27.92 கோடி டாலர், அதைத் தாண்ட முடியாது. கையில் போகும் பணமும் கேப் கணக்கில் ஏறும் பணமும் ஒன்றல்ல என்பதால்தான் கட்டுக்கதை மாதிரித் தெரிகிறது. ஒருவருக்கு ஐந்து வருட ஒப்பந்தம், கையெழுத்துப் போடும்போது கொடுக்கும் சைனிங் போனஸ் 5 கோடி டாலர் என்று வையுங்கள். பணம் அவர் கைக்கு ஆரம்பத்திலேயே போய்விடும், கேப் கணக்கிலோ வருடத்துக்கு ஒரு கோடியாகத்தான் ஏறும். கேப்பில் இடம் போதவில்லையா, அந்த வருடச் சம்பளத்தின் பெரும்பகுதியை போனஸாக மாற்றி அதையும் பின்வரும் வருடங்களுக்குத் தள்ளிவிடலாம், மார்ச்சில் நீங்கள் பார்க்கும் மாயாஜாலம் பாதிக்கு மேல் இதுதான். ஆனால் அந்த ஆளை இரண்டு வருடத்தில் அனுப்ப நேர்ந்தால் ஏறாமல் நிற்கும் 3 கோடியும் கணக்கில் வந்து விழும், ஆள் இருக்கமாட்டார். இதற்குத்தான் டெட் கேப் என்று பெயர். கிரெடிட் கார்டு தவணை மாதிரிதான், பொருள் உடைந்தாலும் தவணை நிற்காது.

டென்வர் அணியைப் பாருங்கள். 2022-ல் குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் தங்களுக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். 2024 மார்ச்சில் வெளியே அனுப்பியபோது டெட் கேப் 8.5 கோடி டாலர், அதை இரண்டு வருடமாகப் பிரித்துச் சுமந்தார்கள். அப்படியும் அந்த ஆண்டே பிளேஆஃப் என்கிற நாக் அவுட் சுற்றுக்குப் போனார்கள் என்றால், அந்த ஆண்டு 12-வது தேர்வாக வந்த குவாட்டர்பேக் போ நிக்ஸ் புதுமுகச் சம்பளத்தில் ஆடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எல்லா அணிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

கேள்வி: ரூக்கி, அதாவது புதுமுக ஒப்பந்தத்தில் குவாட்டர்பேக் இருக்கும் நான்கு வருடத்தில் ஜெயித்தால்தான் உண்டு, பெரிய சம்பளம் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்கிறான் நண்பன். ஒப்புக்கொள்வதா?

பதில்: பாதி ஒப்புக்கொள்ளுங்கள். 2010-ல் முதல் தேர்வாக வந்த குவாட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர். அடுத்த வருடமே புதுமுகங்களுக்குச் சம்பள வரம்பு வந்துவிட்டது, அந்த வருட முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கே 2.2 கோடிதான். அன்றிலிருந்துதான் இந்த நான்கு வருடக் கணக்கு எல்லோர் வாயிலும் புரள்கிறது.

ஆனால் கான்சாஸ் சிட்டியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ்? 2022 சீசனில் அணியின் கேப்பில் ஏறக்குறைய 17 சதவீதம் அவர் ஒருவருக்கே போனது, கோப்பையும் வந்தது. எப்படி என்றால், அந்த மார்ச்சில் பந்து பிடிக்கும் ரிசீவர் டைரீக் ஹில்லுக்குப் பெரிய சம்பளம் கொடுக்காமல் மியாமிக்கு அனுப்பி ஐந்து டிராஃப்ட் தேர்வுகள் வாங்கினார்கள். அந்த ஏப்ரலில் முதல் சுற்றில் தடுப்பாட்டக்காரர் டிரென்ட் மெக்டஃபி வந்தார், ஏழாம் சுற்றில் பந்தோடு ஓடும் ஐசையா பச்சேகோ வந்தார், இரண்டு பேருமே அந்த சூப்பர் பவுலில் ஆடினார்கள். குவாட்டர்பேக்குக்கு அள்ளிக் கொடுக்கும் அணி மற்ற இடங்களைக் குறைந்த சம்பள இளைஞர்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டும், அந்த இளைஞர்கள் டிராஃப்டிலிருந்துதான் வரவேண்டும். டிராஃப்ட் சொதப்பினால்தான் உங்கள் நண்பர் சொல்வது நடக்கும். என்னைக் கேட்டால், மஹோம்ஸ் மாதிரி ஆளுக்குக் கொடுப்பதில் ஆபத்து குறைவு, சுமாராக ஆடும் ஒருவரை வேறு ஆள் இல்லையே என்ற பயத்தில் அந்த விலைக்குப் பக்கத்தில் பிடித்து வைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் அணிகள் மாட்டிக்கொள்கின்றன.

கேள்வி: டிராஃப்டில் ஓட்டை இருக்கும் இடத்துக்கு ஆள் எடுப்பதா, இருப்பதில் சிறந்த ஆளை எடுப்பதா?

பதில்: ஓட்டையை முடிந்த மட்டும் மார்ச்சிலேயே, ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும் வீரர்களை வைத்து அடைத்துவிட்டு ஏப்ரலில் சிறந்த ஆளை எடுக்க வேண்டும். கிரீன் பே அணி 2005-ல் குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வ் இருக்கும்போதே 24-வது இடத்தில் இன்னொரு குவாட்டர்பேக் ஆரன் ராஜர்ஸை எடுத்தது, 2020-ல் ராஜர்ஸ் இருக்கும்போதே ஜோர்டன் லவ்வை எடுத்தது. இரண்டு தடவையும் ஓட்டை இருந்தது வேறு இடத்தில்தான். ராஜர்ஸும் லவ்வும் மூன்று வருடம் பெஞ்சில் காத்திருந்துதான் அணியின் முதன்மைக் குவாட்டர்பேக் ஆனார்கள். ரசிகருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், புரிகிறது, ஆனால் குவாட்டர்பேக் தேவைப்படும் வருடத்தில் நல்ல குவாட்டர்பேக் டிராஃப்டில் இருப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது?

கேள்வி: கடைசி இடம் வந்தால் முதல் தேர்வு கிடைக்கும் என்பதற்காக வேண்டுமென்றே தோற்கலாமா?

பதில்: மேலே இருக்கும் நிர்வாகம் வேண்டுமானால் நல்ல வீரர்களை விற்றுவிட்டு வேடிக்கை பார்க்கலாம். களத்தில் இருப்பவர் தோற்கமாட்டார், அவருடைய அடுத்த ஒப்பந்தத்தைத் தீர்மானிப்பதே இந்த ஆட்டங்களின் வீடியோதான், அது போக நீங்கள் தோற்று எடுக்கப்போகும் பையன் அவருடைய இடத்துக்கே வரலாம்.